மலையேறும் பழைய கார்களுக்கு ஒரு நியாயம்

இருபது ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிப்பதற்கான கட்டணத்தை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக மத்திய அரசு 2025 ஆகஸ்டில் உயர்த்தியது. அதே ஆண்டில், நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலே நாடெங்கும் பொது வழக்கமாயிற்று. இத்தகைய ஏற்பாடுகளின் பாரம், கள்ளக்குறிச்சியைப் போன்ற ஒரு மாவட்டத்திலே, பழைய சிறு காரொன்றைக் கொண்டு குடும்பத்தின் அவசரங்களைச் சமாளிக்கும் சாமானிய ஜனங்களின் தலையில் எவ்வாறு விழுகிறது என்பதை ஆராய்வது அவசியமாகிறது.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு விலகினால், அநேக கிராமங்களுக்குப் பேருந்து உண்டு. ஆனால் நினைத்த நேரத்தில் கிடையாது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டத்திலோ பிரயாண வசதியே நெடுநாளைய குறை. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலைக்குச் சாலை, பள்ளி, வைத்தியசாலை யாவும் காலதாமதமாகவே வந்து சேர்ந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தபோதுதான், சாலையின்மையும் வாகனமின்மையும் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன.

இத்தகைய பிரதேசத்தில் பழைய கார் என்பது ஆடம்பரப் பொருளாகாது. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணைச் சிறுவங்கூரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், பாம்பு தீண்டியவரை ஏற்றிக்கொண்டு மலையிறங்குவதும், மக்காச்சோளம் விற்ற பணத்தைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும், முதியவர்களைக் கண் சிகிச்சைக்கு அழைத்துப் போவதும் பல குடும்பங்களில் அந்த ஒரு காரின் காரியங்களாகவே இருக்கின்றன. அந்தக் கார் பெரும்பாலும் யாரோ ஒருவர் நகரத்தில் பத்து, பதினைந்து வருஷம் ஓட்டிக் கழித்தது. நாற்பதாயிரத்துக்கோ எண்பதாயிரத்துக்கோ கைமாறி வந்தது.

எந்தக் கார், என்ன வயது?

1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி கொடுக்கப்பட்ட மாருதி 800, 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் உடைய சிறு யந்திரத்தைக் கொண்டு, அரசு ஊழியரும் பள்ளி ஆசிரியரும் சொந்தக் கார் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலையை இந்நாட்டில் உண்டாக்கியது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998-இல் வந்த சான்ட்ரோவும், 2000-இல் வந்த ஆல்டோவும் அதன் வழியைப் பின்பற்றின. இம்மூன்றும், ஓரளவு வேகன் ஆரும் இண்டிகாவுமே, இன்று நம் கிராமத்து வாசல்களில் நிற்கும் பழைய சிறுகார்களில் பெரும்பான்மை.

இவற்றுக்கு இன்னும் உயிர் இருப்பதற்குக் காரணம், இவற்றைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் தியாகதுருகத்திலும் இருப்பதே. கணினியை இணைத்தால்தான் நோய் தெரியும் என்ற நிலைக்கு இன்றைய கார்கள் வந்துவிட்டன. கார்புரேட்டர் காலத்து மாருதியையோ, யந்திரத்தின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே பட்டறைக்காரர் சரிசெய்துவிடுகிறார். அந்த வித்தை பெரிய விலை மதிப்புள்ளது. அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் அளிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மலைப்பாதை முதலில் சோதிப்பது எதை?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கடல் மட்டத்துக்கு மேல் 2,000 முதல் 3,000 அடி உயரமுள்ள கல்வராயன் மலைமீது ஏறுகின்ற பாதை, சமவெளியில் குறை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த காரின் குறைகளையெல்லாம் ஒரே நாளில் வெளிப்படுத்திவிடும். ஏறும்போது சோதனைக்குள்ளாவது குளிரூட்டும் அமைப்பும் கிளட்சும். இறங்கும்போது சோதனைக்குள்ளாவது பிரேக். உயிர்ச்சேதம் பெரும்பாலும் இரண்டாவதினால்தான் நேர்கிறது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

பிரேக் ஆயில் என்று நாம் வழங்கும் திரவத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய அத்திரவத்தை, அளவு குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவதோடு நிறுத்திக்கொண்டு, வாங்கிய நாள் தொட்டு மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் ஏராளம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை விடாது மிதித்து மிதித்துச் சக்கரப்பகுதி கொதிநிலையை அடைகையில், திரவத்தில் கலந்த நீர் ஆவியாகிக் குழாயில் குமிழிகளாகத் தங்குகிறது. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ அமுங்கிவிடும். ஆகவே ஓட்டுநர் மிதிக்கும் பெடல் எதிர்ப்பின்றி அடித்தளம் வரை சென்றுவிடுகிறது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று விபத்துக்குப் பின் சொல்லப்படும் சம்பவங்களில் கணிசமான பகுதி இதுவே. இதைத் தவிர்க்க ஆகும் செலவு, கூலியோடு சேர்த்துச் சில நூறு ரூபாய்.

பின்சக்கரத்து டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிவதும், பிரேக் ஷூ எண்ணெய் படிந்து வழுக்குவதும் இவ்வயதுக் கார்களின் அன்றாட வியாதிகள். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கறை தென்பட்டால், அந்தக் காரை மலைமீது ஏற்றுவது பாபமென்றே சொல்வேன். இறங்கும்போது எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டுப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் வழக்கமும் ஒழிய வேண்டும். எஞ்சின் நின்றால், வாக்குவம் பூஸ்டர் உள்ள கார்களில் பிரேக்கின் பலமும் குன்றிவிடும். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவது, மலைப்பாதை ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொள்ளும் விதி.

அடுத்தது வெப்பம். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புச் செறிந்தது. கூலன்ட் வாங்கக் காசில்லை என்றோ, அது வீண் செலவென்றோ கருதி, அந்நீரையே ரேடியேட்டரில் ஊற்றிவர, உள்ளே சுண்ணாம்பு படிந்து நுண்குழாய்கள் அடைபடுகின்றன. சமவெளியில் ஓடும்போது எதிர்க்காற்று அதை மறைத்துவிடுகிறது. மலையேற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறும்போது காற்று போதாமல் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. அப்போதும் நிறுத்தாமல், "அடுத்த வளைவு வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும்; அலுமினியத்தாலான ஹெட் வளைந்தும் போகலாம். 300 ரூபாய் ஹோஸும் சில நூறு ரூபாய் கூலன்ட்டும் காப்பாற்றியிருக்கக் கூடியதை மீட்க, லேத் பட்டறைக் கூலியும் சேர்த்து எட்டாயிரம், பத்தாயிரம் ஆகிறது.

சூடேறிய யந்திரத்தில் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்து முகத்தில் வெந்நீர் பட்டவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். பிறகு நீரைச் சிறுகச் சிறுகவே ஊற்ற வேண்டும்.

கிளட்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து பேர் அமரும் காரில் எட்டுப் பேரை ஏற்றி, ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே நிற்பதால் அது கருகுகிறது. எரிந்த வாடை வந்தால் விஷயம் முடிந்தது.

பட்டறைக் கணக்கு

பழைய காருக்கு ஆகும் செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு, மாருதி 800, ஆல்டோ முதலிய சிறுகார்களுக்கு நம் பக்கத்துப் பட்டறைகளில் கேட்கப்படும் தொகைகளை உத்தேசமாகச் சொல்லலாம். ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை வித்தியாசப்படும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் மாற்றக் கூலியுடன் நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம். டைமிங் பெல்ட்டும் அதன் உருளையும் இரண்டாயிரத்தையொட்டி. லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், புஷ் முதலிய முன்பக்க வேலைகள் மூன்றாயிரம், நாலாயிரம். பாட்டரி நாலாயிரம். நான்கு டயரும் மாற்றினால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும். எஞ்சினை இறக்கிப் போர் வேலை செய்வதென்றால் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது, நாற்பதாயிரமும் ஆகலாம்.

இத்தொகைகளைக் கூட்டிப் பார்த்து மலைத்துப் போவோர் உண்டு. ஆனால் இவை யாவும் ஒரே ஆண்டில் வருவன அல்ல. புதிய சிறுகாரின் விலை, வரி குறைக்கப்பட்ட பின்னரும், மூன்றரை லட்சத்தையொட்டியே தொடங்குகிறது. அதன் மாதத் தவணையோடு ஒப்பிட்டால், பழைய காரை ஒழுங்காக வைத்துக்கொள்வது இன்னும் கட்டுபடியாகக் கூடிய காரியமே.

கட்டுபடியாகாமல் போவது செலவின் வரிசை தவறும்போதுதான். கார் வாங்கியவுடன் சீட்டுக்குப் புது உறை, பாட்டுப் பெட்டி, டிங்கர் வேலை, பட்டி வைத்துப் பெயிண்ட் என்று இருபதாயிரத்தைச் செலவழித்துவிட்டு, டைமிங் பெல்ட்டுக்குப் பணமில்லை என்று ஒத்திவைப்பது சர்வ சாதாரணமாக நடக்கிறது. அந்த பெல்ட் முன்னறிவிப்புக் கொடுத்து அறுவதில்லை. பல எஞ்சின்களில் அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இரண்டாயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது பதினைந்தாயிரத்துக்குப் போகும். எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டு இல்லாத காரை வாங்கினால், முதல் வேலையாக அதை மாற்றிவிடுவதே உசிதம்.

டயரையும் பட்டனின் ஆழத்தைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. வாரத்துக்கொரு நாள் மாத்திரம் ஓடும் காரின் டயர் தேயாமலே கிழடு தட்டிவிடும். ஆறு வருஷம் கடந்து பக்கத்தில் கீறல் விழுந்த டயரை, பார்ப்பதற்குப் புதிதாகத் தோன்றினாலும், மாற்றிவிட வேண்டும்.

கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே வீடு கட்டியிருப்போருக்கு மற்றொரு தொல்லை எலி. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் கதகதப்பைத் தேடிக் காரின் முகப்புக்குள் புகுந்து ஒயர்களைக் கடிக்கின்றன. ஒயரிங் வேலைக்கு மூவாயிரமும் ஐயாயிரமும் கொடுத்தவர்கள் என்னிடம் வருந்தியிருக்கிறார்கள். காரை நாள்தோறும் ஒரு சுற்றாவது ஓட்டுவதும், இரவில் முகப்பு மூடியைத் திறந்து வைப்பதும், நிறுத்துமிடத்தில் வைக்கோலும் தவிடும் சேராமல் பார்த்துக்கொள்வதும் ஓரளவு பலன் தருகின்றன.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் சரக்கு சேவை வரி 18 சதவீதமாக்கப்பட்டது. அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம். இக்குறைப்பு கிராமத்துப் பட்டறையின் கடைசிக் கைக்கு வந்து சேர வேண்டுமானால், பில் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பில் இல்லாத இடத்தில்தான் டூப்ளிகேட் பிரேக் பேடும் ஒரிஜினல் விலைக்கு விற்கிறது.

கரும்பு விளையும் ஊரில் எத்தனால்

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இயங்கும் மாவட்டம் இது. மக்காச்சோளமும் பெருவாரியாக விளைகிறது. எத்தனாலுக்குத் தேவை கூடினால் கரும்புக்கும் சோளத்துக்கும் கிராக்கி கூடும். ஆகையால் எத்தனால் திட்டத்தை எதிர்க்க நம் விவசாயிக்குக் காரணமில்லை, நானும் எதிர்க்கவில்லை. ஆனால் அதே விவசாயியின் வாசலில் நிற்கும் 2005-ஆம் வருஷத்துக் காரை அது என்ன செய்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டுப் பத்து சதவீதக் கலப்புக்கு இசைவிக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில், இருபது சதவீதக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று மதிப்பிட்டது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற நேரலாம் என்பதை, அச்செலவு சொற்பமென்ற சமாதானத்தோடு, பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொண்டது. செலவு சொற்பமாகவே இருக்கலாம். எனினும் கசியும் பெட்ரோல் ஹோஸ் சூடான எஞ்சினுக்கு மேல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், அது அலட்சியம் செய்யத் தக்க விஷயமாகத் தோன்றவில்லை.

அதே அறிக்கை, பழைய வாகனங்களின் பாதுகாப்புக்காகப் பத்து சதவீதக் கலப்புப் பெட்ரோலும் உடன் கிடைக்க வேண்டும் என்று யோசனை கூறியிருந்தது. கலப்பு அதிகரித்த வேகத்தில் அந்த யோசனை மறக்கப்பட்டது.

நடைமுறையில் காரின் சொந்தக்காரர் செய்யக் கூடியவை இவை: பெட்ரோல் ஹோஸ்களை ஆண்டுக்கொரு முறை பார்த்து வெடிப்புக் கண்டால் மாற்றுவது, பில்டரைக் காலத்தில் மாற்றுவது, எத்தனால் ஈரத்தை ஈர்க்குமாகையால், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் இருப்பது.

காகிதத்தின் பாரம்

காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஆய்வாளரிடம் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் வரை 600 ரூபாய், பிறகு 5,000, இப்போது இருபது ஆண்டு கடந்தால் 10,000. இதன் மேல் மாநில அரசின் பசுமை வரியும், மூன்றாம் நபர் காப்பீடும் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய் பெறாத காருக்குப் பத்தாயிரம் கட்டச் சொன்னால், ஏழைக் குடும்பம் காரை விற்றுவிடும் என்று நினைப்பது தவறு. புதுப்பிக்காமலே ஓட்டும். பதிவில்லாத காருக்குக் காப்பீடும் கேள்விக்குள்ளாகும்; விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு நஷ்டஈடு பெறுவதும் சிக்கலாகும். காற்றின் தூய்மையை உத்தேசித்து விதிக்கப்பட்ட கட்டணம், சாலையில் நடந்து செல்பவரின் பாதுகாப்பைக் குலைக்கும் இந்த விபரீதத்தை விதி செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

வாரத்துக்கு இருநூறு மைல் ஓடும் பத்து வருஷத்துக் காரைவிட, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாத்திரம் வெளிவரும் இருபத்திரண்டு வருஷத்துக் கார் அதிகப் புகை கக்குகிறது என்று எந்தச் சோதனையும் செய்யாமல் எப்படி முடிவு கட்டுவது?

வேறொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்குத் தடை என்பது டில்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் குறித்த உத்தரவு. தமிழ்நாட்டில் தகுதியோடு இருந்து புதுப்பிக்கப்பட்ட காரை ஓட்டத் தடையில்லை. "இனி இது ஓடாது" என்று தரகர் பயமுறுத்தினால், அதை நம்பி அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

விற்றாலும் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றுப் பத்து வருஷமான காரின் விபத்துக்கு, விற்றவர் நஷ்டஈடு கட்ட நேரலாம்.

செய்ய வேண்டியவை

மத்திய அரசு, புதுப்பிப்புக் கட்டணத்தை வயதைக் கொண்டு நிர்ணயிப்பதை விட்டு, புகை, பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகிய நான்கின் சோதனை முடிவைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். தேறிய காருக்குப் பழைய 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. தேறாத கார் எத்தனை பணம் கட்டினாலும் சாலைக்கு வரக் கூடாது. வட்டத்துக்கு ஒரு பெட்ரோல் நிலையத்திலாவது பத்து சதவீதக் கலப்புப் பெட்ரோல் கிடைக்க எண்ணெய் நிறுவனங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மாநிலப் போக்குவரத்துத் துறை மாதத்தில் ஒரு நாள் ஆய்வாளரை வெள்ளிமலைக்கே அனுப்பி முகாம் நடத்தினால், மலைவாழ் மக்கள் ஒரு நாள் கூலியை இழந்து கீழே இறங்கி வரும் சிரமம் குறையும். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் எல்லையில் நல்ல நீர்க் குழாயும், நிறுத்தி ஆறவிட இடமும், இறங்கும் வழியில் கியரைக் குறைக்கச் சொல்லும் பெரிய எழுத்துப் பலகைகளும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பழைய கார்களின் வித்தை கற்ற பட்டறைக்காரர்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வாரம் ஒரு நாள் பயிற்றுநர்களாக அமர்த்தினால், அவ்வித்தை அவர்களோடு முடிந்துவிடாமல் அடுத்த தலைமுறைக்குக் கிட்டும்.

கார் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். இம்மாதம் காருக்கென்று ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியுமானால், பெயிண்டரிடம் போகு முன் பட்டறைக்குப் போங்கள். பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள், நான்கு சக்கரத்தையும் கழற்றிக் கசிவு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், ரேடியேட்டரைக் கழுவிக் கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள், செய்த வேலைக்குத் தேதியிட்ட சீட்டு வாங்கிக் காரிலேயே வையுங்கள். அதன் பிறகு மலையேறுங்கள்.